பட்டியலின் சொல்லுக்கு விலை: பழைய பாட்டில் ஏலங்களில் சேகரிப்பாளர் வாங்குவது எது?

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862இல், நியூயார்க்கைச் சேர்ந்த பேட்ரிக் ஹென்றி டிரேக் என்ற வணிகர், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய குடில் போன்ற ஒரு பாட்டில் வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். 'பிளான்டேஷன் பிட்டர்ஸ்' என்ற கசப்பு மருந்தை அதில் அடைத்து நாடெங்கும் விற்றார். மருந்து என்பது பெயரளவில்தான். அதன் வலுவெல்லாம் சாராயத்தில் இருந்தது. ஏராளமாக விற்ற சரக்கு என்பதால் அந்தப் பாட்டில் இன்றைக்கும் அரிய பொருளல்ல. பழுப்பு நிறத்தில் ஒன்று போதும் என்றால் ஓரளவு வசதியுள்ள எந்தச் சேகரிப்பாளரும் வாங்கிவிடலாம். அதே அச்சில் வார்த்து, அதே எழுத்துகள் பொறித்த பாட்டில் தெளிந்த மஞ்சளாகவோ செந்நாவல் நிறமாகவோ இருந்தால் விலை பல மடங்கு ஏறும். பச்சையாக இருந்துவிட்டால் நாட்டின் முன்னணிச் சேகரிப்பாளர்கள் அத்தனை பேரும் போட்டிக்கு வருவார்கள். ஆக, விலையைத் தீர்மானிப்பது கண்ணாடியின் நிறத்தில் உள்ள ஒரு நுட்பமான வேறுபாடு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால்தான் அது புலப்படும். ஆனால், ஏலம் கேட்பவர்களில் பெரும்பாலோருக்குப் பணம் கட்டி, பொட்டலம் வந்து சேரும்வரை அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பே இல்லை. அவர்கள் பார்ப்பது ஒரு புகைப்படத்தையும் ஏழெட்டு வரி விவரிப்பையும்தான். பழைய பாட்டில்களை மட்டுமே கையாளும் ஏல நிறுவனங்களைப் பற்றிச் சேகரிப்பாளர்களிடையே நிலவும் மதிப்பு, கசப்பு இரண்டுமே இந்த ஏழெட்டு வரிகளைச் சுற்றித்தான் சுழல்கின்றன என்பது என் கருத்து. இத்தகைய ஏலத்தில் கூடுதலாகக் கொடுக்கும் பணம் கண்ணாடிக்குப் போவதில்லை; அந்த விவரிப்புக்கும், அது பொய்த்தால் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் என்ற உறுதிக்கும் போகிறது. அந்த விலை கொடுக்கத் தக்கதா என்பதே ஆராயவேண்டிய கேள்வி.

விவரிப்புக்கு இவ்வளவு கனம் எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொள்ள, இந்தத் துறை தனக்கென ஒரு மொழியை உருவாக்கிக்கொண்ட வரலாற்றைப் பார்க்கவேண்டும். 1900இல் எட்வின் அட்லீ பார்பர், அமெரிக்கக் கண்ணாடிப் பொருள்களைப் பற்றிய தம் நூலில், தலைவர்களின் உருவமும் கழுகுச் சின்னமும் பொறித்த பழைய மதுக்குப்பிகளைப் பட்டியலிட்டார். 1920களில் ஸ்டீபன் வான் ரென்சலர் அதை விரிவாக்கினார். 1941இல் ஜார்ஜ் மெக்கியரினும் அவருடைய மகள் ஹெலனும் வெளியிட்ட 'அமெரிக்கன் கிளாஸ்' என்ற பெருநூல், குப்பிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து எண் கொடுத்ததோடு, ஒவ்வொன்றும் எந்த அளவுக்கு அரிது என்றும் குறித்தது. 1978இல் ஹெலன் மெக்கியரினும் கென்னத் வில்சனும் அதைப் புதுக்கி எழுதினார்கள். அந்த எண்கள் இன்றும் சந்தையின் பொதுமொழி. தலைவர்களின் உருவம் பொறித்தவை முதல் தொகுதி, கழுகு பொறித்தவை இரண்டாம் தொகுதி என்ற பகுப்பு, ஆயிரம் மைல் தள்ளியிருக்கும் இருவர் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதை உறுதிசெய்கிறது. காலத்தைச் சொல்லும் குறிகளும் இப்படியே நிலைபெற்றன. 1860கள் வரை ஊதிய பாட்டிலின் அடியில் இரும்புக் கம்பியை ஒட்டிப் பிடித்துத்தான் வாயை உருவாக்குவார்கள். கம்பியை உடைத்தெடுத்த இடத்தில் 'பான்டில்' தழும்பு விழும். பிறகு கவ்விப் பிடிக்கும் கருவி வந்ததும் அந்தத் தழும்பு மறைந்தது. 1903இல் மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கி இயந்திரம் வந்த பிறகு அச்சுக்கோடு வாய் விளிம்பின் மேலேயே ஏறிப் போனது. அடியில் தழும்பு உண்டா, கோடு எங்கே நிற்கிறது என்ற இரண்டு விவரங்களே ஒரு பாட்டிலின் வயதைப் பெருமளவு சொல்லிவிடும்.

இதே போக்கு இங்கிலாந்திலும் உண்டு. அங்கே தமிழ் வாசகர்களுக்கு நேரடி உறவுள்ள ஒரு பாட்டிலும் இருக்கிறது. நம் ஊர்க் கோலி சோடா பாட்டிலின் மூலவடிவத்துக்கு ஹிராம் காட் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1872இல் காப்புரிமை பெற்றார். யார்க்‌ஷயரின் பார்ன்ஸ்லி நகரிலிருந்த ரைலண்ட்ஸ் கண்ணாடி ஆலை அதன் உற்பத்தியில் முக்கிய இடம் வகித்தது. அந்நகருக்குப் பக்கத்திலுள்ள எல்சிகாரில் இயங்கும் பிபிஆர் என்ற நிறுவனம்தான் பிரிட்டனில் பழைய பாட்டில் ஏலங்களுக்குப் பேர்பெற்றது. வெளிர்பச்சை ஓடிய சாதாரணக் கோலி பாட்டில் அங்கே சில பவுண்டுகளுக்குக் கிடைக்கும். அடர்நீலக் கண்ணாடியில் செய்தது நூற்றுக்கணக்கான, சிலவேளை ஆயிரக்கணக்கான பவுண்டுகளுக்குப் போகும். கோலிக்காகப் பிள்ளைகள் உடைத்துப்போட்டது போக மிஞ்சியவை என்பதால், வாயில் சேதமில்லாத நல்ல பாட்டிலுக்குத் தனி மதிப்பு. பொருளைச் செய்த தொழிலாளிக்கோ அதில் குடித்தவருக்கோ ஒரு பொருட்டாகவே தோன்றியிராத வேறுபாடுகள், நூறு ஆண்டுகள் கழித்து முழு விலையையும் தாங்கி நிற்கின்றன.

வேறுபாடு சிறிது, விலை பெரிது என்றால், அந்தச் சிறிய இடத்தில்தான் ஏமாற்றும் நுழையும். பழைய பாட்டில்களில் அது நுழையும் வழிகள் பல. மண்ணுக்கடியில் கிடந்த கண்ணாடியில் ஈரம் அரித்து வெண்படலம் பிடிக்கும். செம்புத் துணுக்குகளையும் மெருகுப்பொடியையும் தண்ணீரோடு சேர்த்து உருளையில் போட்டு நாள்கணக்கில் சுழற்றினால் படலம் போய்ப் பளபளப்பு வரும். அதோடு பொறித்த எழுத்துகளின் கூர்மையும் சிறிது தேயும். இதைச் செய்வது குற்றமல்ல, சொல்லாமல் விற்பதுதான் பிரச்சினை. உடைந்த வாய் விளிம்பைப் பிசினால் கட்டி, நிறம் சேர்த்துத் தேய்த்துவிட்டால் வெறுங்கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். புற ஊதா விளக்கின் கீழ்தான் பிசின் வேறு நிறத்தில் ஒளிரும். இவற்றைவிட வருத்தம் தருவது கதிரியக்கத்தால் நிறம் மாற்றுவது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து முதல் உலகப் போர்க்காலம் வரை, கண்ணாடியை நிறமற்றதாக்க மாங்கனீசு சேர்ப்பது பரவலாக இருந்தது. அத்தகைய கண்ணாடி பல ஆண்டுகள் வெயிலில் கிடந்தால் மெல்லிய ஊதா படரும். காமா கதிர்களுக்கு ஆட்படுத்தினால் ஆண்டுகளின் வேலை விரைவில் முடிந்து, இயற்கையில் காணாத ஆழ்ந்த ஊதா வந்துவிடும். சாதாரணப் பாட்டில் அரிய பாட்டில்போல் வேடமிடும். அதன் உண்மையான நிறம் என்ன என்ற வரலாற்றுத் தகவலும் அதோடு அழிந்துபோகும். மறுவார்ப்புகளும் உண்டு. பிலடெல்பியாவின் இ. ஜி. பூஸ் என்ற விஸ்கி வணிகருக்காகச் செய்த குடில்வடிவப் பாட்டிலில் 1840 என்று பொறித்திருந்தாலும், அது பத்திருபது ஆண்டு பிந்தியது என்பது ஆய்வாளர் முடிவு. அதை நியூஜெர்சியின் கிளேட்டனில் இருந்த கிளவெஞ்சர் சகோதரர்கள் 1930கள் தொடங்கி மறுபடி வார்த்து விற்றார்கள். அவர்கள் ஏமாற்ற நினைத்துச் செய்யவில்லை. ஆனால் கைமாறிக் கைமாறி வந்தபின் 'தாத்தா காலத்துப் பாட்டில்' என்ற நம்பிக்கையோடு அதை விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

1970இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் எழுதிய பழைய கார்ச் சந்தை பற்றிய கட்டுரை இந்த நிலையைப் புரிந்துகொள்ள உதவும். அவருக்கு 2001இல் நோபல் பரிசு கிடைத்ததற்கு அடிப்படையான ஆய்வு அது. விற்பவருக்குப் பொருளின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்றால், வாங்குபவர் எல்லாவற்றுக்கும் சராசரி விலைதான் தருவார். நல்ல பொருள் வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமின்றி ஒதுங்குவார். சந்தையில் மட்டமானவையே மிஞ்சும். இந்தச் சரிவைத் தடுக்க உத்தரவாதமோ நற்பெயரோ வேண்டும் என்று அவரே சொன்னார். பாட்டில் ஏல நிறுவனம் செய்யும் வேலை துல்லியமாக இதுதான். அமெரிக்காவில் இந்த முறை வேர்கொண்டதற்குத் தெளிவான அடையாளம் 1975ஆம் ஆண்டு. கனெக்டிகட்டின் நியூ லண்டனைச் சேர்ந்த சார்லஸ் கார்ட்னர் பல பத்தாண்டுகளாகத் திரட்டிய பாட்டில்களை ஸ்கின்னர் நிறுவனம் ஏலம் விட்டபோது மொத்தத் தொகை 10 லட்சம் டாலரைத் தாண்டியது. குப்பையில் கிடைக்கும் பொருள் என்று கருதப்பட்டதற்கு அது பெரும் தொகை. அதன்பின் வந்த ஆண்டுகளில் கனெக்டிகட்டில் நார்மன் ஹெக்லர் நிறுவனம், பென்சில்வேனியாவில் கிளாஸ் ஒர்க்ஸ், கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவில் அமெரிக்கன் பாட்டில் ஆக்‌ஷன்ஸ் என்று பாட்டிலுக்கே உரிய நிறுவனங்கள் எழுந்தன. சேகரிப்பாளர்கள் நாடெங்கும் சிதறிக் கிடந்ததால், அச்சிட்ட பட்டியலை அஞ்சலில் அனுப்பி, அஞ்சலிலும் தொலைபேசியிலும் ஏலக் கேள்விகளைப் பெறும் முறை இந்தத் துறையில் ஆழமாக ஊன்றியது. இணையம் வந்தபின் ஊடகம் மாறியதே தவிர, பார்க்காமல் வாங்கும் அடிப்படை மாறவில்லை.

இந்த முறையில் வாங்குபவரின் அனுபவம் பெரும்பாலும் வாசிப்பாகவே இருக்கிறது. தேர்ந்த சேகரிப்பாளர் பட்டியலில் இருப்பதைப் படிப்பதோடு நிற்பதில்லை, இல்லாததையும் படிக்கிறார். வாய் விளிம்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையென்றால் ஏன் இல்லை? 'பழுதற்றது' என்பதற்கும் 'ஏறத்தாழப் பழுதற்றது' என்பதற்கும் நடுவே எதை மறைத்திருக்கிறார்கள்? வெடித்த குமிழி ஒன்று இருப்பதாகச் சொல்லியிருந்தால் அது செய்யும்போதே ஏற்பட்டதா, பின்னால் அடிபட்டதா? கண்ணாடிக்குள் சிக்கிய கல்லிலிருந்து விரிசல் ஓடுகிறதா? இந்தக் கேள்விகளோடு அவர் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைப்பார். மறுமுனையில் உள்ளவர் பாட்டிலைக் கையில் எடுத்து, விளக்கின்முன் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பதில் சொல்வார். இந்த உரையாடல்தான் பொது ஏலக் கூடத்தில் கிடைக்காத சேவை. அங்கே மேசை நாற்காலியோடு சேர்த்து 'பழைய பச்சை பாட்டில், ஒன்று' என்று எழுதிவிட்டுப் போவார்கள். கேட்டாலும் சொல்லத் தெரிந்த ஆள் இருக்கமாட்டார். சிறப்பு நிறுவனத்தில், விவரிப்பு தவறென்று பாட்டில் வந்ததும் தெரிந்தால், குறித்த நாள்களுக்குள் திருப்பி அனுப்பிப் பணத்தைப் பெறும் உரிமையும் வழக்கமாக உண்டு. இந்த உரிமை இருப்பதால்தான் ஏழெட்டு வரி விவரிப்பு விளம்பரமாக இல்லாமல் வாக்குறுதியாகிறது. ஏலம் முடியும் விதமும் கவனிக்கத்தக்கது. குறித்த நேரம் வந்ததும் கதவைச் சாத்திவிடாமல், கடைசி ஏலக் கேள்விக்குப் பின் சில நிமிடங்கள், பல இடங்களில் 10 நிமிடங்கள், புதிய ஏலக் கேள்வி வராமல் கழியும்வரை காத்திருந்து முடிப்பார்கள். ஆல்வின் ராத், ஆக்செல் ஆக்கன்ஃபெல்ஸ் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில் இந்த விதியின் பயனைக் காணலாம். நேரம் முடிந்ததும் மூடும் ஈபே ஏலங்களில் கடைசி விநாடிகளில் பாய்ந்து கேட்பது மிகுதி. கேள்வி வரவர நீளும் அமேசானின் அன்றைய ஏலங்களில் அது வெகுவாகக் குறைவு. நீளும் ஏலத்தில் யோசித்துக் கேட்பவருக்கு இடமுண்டு.

எதிர்ப்பக்கம் வலுவான வாதங்கள் இருக்கின்றன. முதலாவது, ஏல நிறுவனம் சட்டப்படி விற்பவரின் ஆள். அதன் தரகு விலையோடு ஏறுகிறது. அப்படியிருக்க அது எழுதும் விவரிப்பை வாங்குபவர் ஏன் நம்பவேண்டும்? அதற்கும் மேல், வாங்குபவரிடமே ஒரு கட்டணம் வசூலிக்கிறார்கள். லண்டனில் கிறிஸ்டீஸும் சாதபீஸும் 1975இல் நடைமுறைப்படுத்திய இந்தக் கட்டணம் பிறகு ஏல உலகமெங்கும் பரவியது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,000 டாலருக்கு ஏலம் எடுத்தவர் 15 விழுக்காடு கட்டணத்தோடு 1,150 தருகிறார். அதே பாட்டிலை மறுபடி ஏலத்துக்கு விட்டு, அதே 1,000 டாலர் கிடைத்து, விற்பனைத் தரகாக 15 விழுக்காடு போனால் கைக்கு வருவது 850. விலை சிறிதும் இறங்காமலே 300 டாலர் போய்விட்டது. போட்ட பணம் திரும்பவேண்டுமென்றாலே விலை சுமார் 1,353 டாலருக்கு ஏறியிருக்கவேண்டும். பழைய பாட்டிலை முதலீடாக எண்ணி வாங்குபவர்கள் ஏமாற்றம் அடைவதற்கு மோசடி எதுவும் தேவையில்லை, இந்தக் கணக்கே போதும். சில ஆண்டுகளுக்குள் விற்றுவிடும் எண்ணமுள்ளவர் இந்த வாசலுக்கே வராமலிருப்பது நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நம்பகத்தன்மை குறித்த ஆட்சேபத்துக்குப் பதில் இருக்கிறது. பால் மில்கிராமும் ராபர்ட் வெபரும் 1982இல் எழுதிய கட்டுரை, ஏலம் விடுபவர் தமக்குத் தெரிந்த அனைத்தையும் எப்போதும் வெளிப்படையாகச் சொல்லும் வழக்கத்தைக் கைக்கொண்டால், சராசரியில் விற்பவருக்கே அதிக விலை கிடைக்கும் என்று காட்டியது. காரணம் எளிது. எண்ணெய் வயல் குத்தகை ஏலங்களை ஆராய்ந்த பொறியாளர்கள் மூவர் 1971இலேயே சொன்னதுபோல், பொருளின் மதிப்பை மிகையாகக் கணித்தவரே ஏலத்தில் வெல்கிறார், வென்றதாலேயே நட்டப்படுகிறார். அதை உணர்ந்த அனுபவசாலிகள் ஐயமுள்ள பொருளுக்குக் கேள்வியைக் குறைத்துக்கொள்வார்கள். வாயில் சிறு சில்லு இருப்பதைச் சொல்லிவிட்டால் அந்தப் பாட்டிலின் விலை குறையும். சொல்லாத மற்ற எல்லாப் பாட்டில்களிலும் சில்லு இல்லை என்ற நம்பிக்கை உயரும். ஆகவே நேர்மை இங்கே விற்பவரின் நலனுக்கு எதிரானதல்ல. ஆண்டில் சில தடவை, ஏறக்குறைய அதே மனிதர்களுக்கே விற்றாகவேண்டிய நிறுவனத்துக்கு இது கூடுதலாகப் பொருந்தும்.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. அதற்கு முழுப் பதில் இருப்பதாக நான் கருதவில்லை. நேரில் வராதவர் தம் உச்சத் தொகையை முன்கூட்டியே நிறுவனத்திடம் எழுதிக் கொடுக்கிறார். போட்டியாளரின் கேள்விக்கு ஒரு படி மேலே அவருக்காக நிறுவனமே கேட்கும் என்பது ஏற்பாடு. பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961இல் கோட்பாடாக ஆராய்ந்த இரண்டாம்விலை ஏலத்தின் நடைமுறை உருவம் இது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1890களிலேயே, அஞ்சல்தலை வணிகர்கள் இதைக் கையாண்டார்கள் என்பதை டேவிட் லக்கிங்-ரைலி கண்டெடுத்துக் காட்டியிருக்கிறார். கோட்பாட்டில் அழகான இந்த முறை நடைமுறையில் ஏன் அரிது என்று 1990இல் ராத்கோஃப் உள்ளிட்ட மூவர் ஆராய்ந்தபோது முன்வைத்த காரணங்களில் ஒன்று, ஏலம் விடுபவர் ஏமாற்றிவிடுவார் என்ற அச்சம். என் உச்சத் தொகை அவருக்குத் தெரியும்; இல்லாத போட்டியாளரைக் காட்டி அதுவரை ஏற்றிவிடுவதை நான் எப்படிக் கண்டுபிடிப்பது? எழுதிக் கொடுத்த தொகைக்கே அடிக்கடி பொருள் வந்து விழுந்தால் சேகரிப்பாளர் மனம் சலனப்படுவது இயல்பு. பாட்டிலின் பழுதை, பாட்டில் கைக்கு வந்ததும் சரிபார்க்கலாம். ஏலத்தின் போக்கைச் சரிபார்க்க வழியில்லை. அதனால்தான் அனுபவமுள்ள பலர் உச்சத் தொகையை எழுதிக் கொடுக்காமல் கடைசி இரவில் தாமே தொலைபேசியிலோ கணினியிலோ இருந்து படிப்படியாகக் கேட்கிறார்கள். நிறுவனமே சொந்தமாக வைத்திருக்கும் பாட்டில்கள் எவை, குறைந்தபட்ச விலை வைத்தவை எவை, ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை பேர் எந்த நேரத்தில் கேட்டார்கள் என்ற விவரங்களைப் பட்டியலிலும் ஏல முடிவிலும் வெளியிட்டால் இந்த ஐயத்தில் பெரும்பகுதி தீரும். அவற்றை வெளியிடாமல் நம்பிக்கையை மட்டும் கோருவது நியாயமில்லை.

இணையச் சந்தை வந்தபின் இடைத்தரகர் எதற்கு என்ற மூன்றாவது ஆட்சேபத்தை எளிதில் எதிர்கொள்ளலாம். 1995இல் ஈபே தொடங்கியபின் சேகரிப்பு உலகில் நடந்தது ஒரு பெரிய பரிசோதனை. அரிது என்று நினைத்திருந்த பல பாட்டில்கள் வீட்டுப் பரண்களிலிருந்து வந்து குவிந்தன. நடுத்தரப் பாட்டில்களின் விலை சரிந்தது. புதிதாகச் சேர்க்கத் தொடங்கியவர்களுக்கு அது நல்லதே. 20 டாலர், 50 டாலர் பாட்டிலுக்கு நிபுணரின் விவரிப்பு தேவையில்லை. தவறிப் போனாலும் தாங்கலாம், கற்றுக்கொள்ளலாம். விலை ஆயிரங்களைத் தொடும்போதுதான் கதிரியக்க ஊதாவும் பிசின் விளிம்பும் கவலைதரும் செய்திகளாகின்றன; அங்கே முகம் தெரியாத விற்பனையாளரின் 'எனக்கு இதைப் பற்றி அதிகம் தெரியாது' என்ற வரி யாருக்கும் பாதுகாப்புத் தருவதில்லை. தேர்ந்த கண்ணுள்ளவர் கிராமத்துப் பொது ஏலத்திலும் இணையத்திலும் மலிவாக வாங்கிவிடுவார் என்பது உண்மை. அந்த லாபம், மற்றவர்களின் அறியாமையிலிருந்து வருவது. சிறப்பு நிறுவனத்தின் விவரிப்பு நிபுணருக்கும் புதியவருக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைக்கிறது. நிபுணர்கள் சிலர் அந்த நிறுவனங்களை விரும்பாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது.

இவற்றுக்கெல்லாம் மேலான ஒரு பயன் உண்டு. வாங்குபவர் அதற்காகத் தனியே பணம் கொடுப்பதில்லை என்பதால் அது பேச்சில் அடிபடுவதே இல்லை. அச்சிட்ட ஏலப் பட்டியல்கள் தேங்கித் தேங்கி, ஒவ்வொரு முக்கியமான பாட்டிலுக்கும் ஒரு வாழ்க்கைக் குறிப்பாகிவிட்டன. 'கார்ட்னர் சேகரிப்பிலிருந்து வந்தது' என்ற சொற்றொடர் அரை நூற்றாண்டு கடந்தும் பட்டியல்களில் இடம்பெறுகிறது. அதற்குக் கூடுதல் விலையும் கிடைக்கிறது. வெறும் பெயர் மயக்கம் என்று இதை ஒதுக்கக்கூடாது. கையால் ஊதிய பாட்டிலில் குமிழிகளும் கண்ணாடியின் நெளிவும் ஒன்றில் இருப்பதுபோல் மற்றொன்றில் இருப்பதில்லை. நல்ல புகைப்படம் இருந்தால் அதே பாட்டிலை நாற்பது ஆண்டுகள் கழித்தும் அடையாளம் காணலாம். 1980களில் வெண்படலத்தோடும் சில்லோடும் விற்ற பாட்டில் இன்று 'பழுதற்றது' என்று வந்தால், பழைய பட்டியலை வைத்திருப்பவர் அதைப் பிடித்துவிடுவார். அன்று நிறமற்றிருந்தது இன்று ஊதாவாக வந்தால் நடந்தது என்ன என்பதற்குச் சாட்சி இருக்கிறது. ஒரு வடிவம் எத்தனை தடவை சந்தைக்கு வந்தது, ஒரே பாட்டில்தான் திரும்பத் திரும்ப வந்ததா என்பதும் இவற்றிலிருந்தே தெரியும். மெக்கியரின் நூல் அரிது என்று குறித்தவற்றில் எவை உண்மையில் அரிது என்ற கேள்விக்கு இன்று விடை தேடக்கூடிய இடம் இந்தப் பட்டியல்கள்தான். தனியார் வணிகத்தின் பக்கவிளைவாக ஓர் ஆவணக் காப்பகம் உருவாகியிருக்கிறது. நேரடியாக இருவருக்குள் முடியும் விற்பனைகளும், சில மாதங்களில் மறைந்துபோகும் இணைய அறிவிப்புகளும் இத்தகைய தடயத்தை விட்டுச்செல்வதில்லை.

ஆனால் இந்தக் காப்பகத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. என் வாதத்தின் தர்க்கமே என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது. பாட்டில் யார் யார் கையில் இருந்தது என்பதைப் பட்டியல் சொல்கிறது. எந்த மண்ணிலிருந்து வந்தது என்பதை அநேகமாகச் சொல்வதில்லை. மிசௌரி ஆற்றில் 1865 ஏப்ரல் 1 அன்று மூழ்கிய பெர்ட்ராண்ட் என்ற நீராவிப் படகை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மொன்டானாவின் சுரங்கப் பகுதிக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற அந்தப் படகை 1968-69இல் தோண்டி எடுத்தபோது, டிரேக்கின் குடில்வடிவப் பாட்டில்களும் அதில் கிடைத்தன. மூழ்கிய நாள் தெரியும், போகவிருந்த இடம் தெரியும், கூட ஏற்றிய சரக்கு தெரியும். அதனால் அந்தப் பாட்டில்கள் போர்க்கால அமெரிக்காவின் குடிப்பழக்கம், மருந்து வணிகம், மேற்குக் குடியேற்றம் மூன்றைப் பற்றியும் பேசுகின்றன. தென்கிழக்குக் கடற்கரைக்கு அப்பால் அதே ஆண்டு மூழ்கிய ரிப்பப்ளிக் கப்பலிலிருந்து 2003க்குப் பின் ஒரு தனியார் நிறுவனம் 8,000க்கும் மேற்பட்ட பாட்டில்களை எடுத்தது. அவற்றில் பல விற்பனைக்கு வந்தன என்றாலும், எந்தக் கப்பலிலிருந்து வந்தன என்ற செய்தியும் அவற்றோடு கூடவே பயணம் செய்கிறது. பழைய கழிப்பறைக் குழிகளிலும் குப்பை மேடுகளிலும் தனியாட்கள் தோண்டி எடுக்கும் பாட்டில்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. எந்த வீட்டுக் குழி, எந்த ஆழம், கூடக் கிடந்தவை எவை என்ற செய்திகள் மண்வெட்டியோடு போய்விடுகின்றன. தொல்லியலாளர்கள் இந்தச் சந்தைமீது கோபம் கொள்வதற்குக் காரணம் இதுதான். அந்தக் கோபம் நியாயமானது. அமெரிக்கக் கூட்டரசு நிலங்களிலும் பழங்குடியினர் நிலங்களிலும் 100 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களை அனுமதியின்றித் தோண்டுவதை 1979ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. தனியார் நிலத்துக்கு அந்தத் தடை பொருந்தாது.

சேகரிப்பாளர்கள் இதற்குச் சொல்லும் மறுமொழியையும் கேட்கவேண்டும். நகர்ப்புறக் கட்டுமானத்தில் புல்டோசர் விழுங்கவிருந்த குழிகளிலிருந்துதான் பல பாட்டில்கள் தப்பிவந்தன. எந்தப் பல்கலைக்கழகமும் அவற்றைத் தோண்ட வந்திருக்கப் போவதில்லை. கண்ணாடி ஆலைகளின் வரலாற்றையும் அச்சுகளின் வகைப்பாட்டையும் எழுதியவர்களில் பலர் சேகரிப்பாளர்களே. தொல்லியலாளர்கள் தாங்கள் தோண்டும் பாட்டிலுக்குக் காலம் கணிக்க அந்த நூல்களைத்தான் புரட்டுகிறார்கள். இரண்டுமே உண்மை. ஆனால் அழிவிலிருந்து மீட்டோம் என்று சொல்பவர், எங்கிருந்து மீட்டோம் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர். விவரிப்புக்கு விலை வைக்கத் தெரிந்த இந்தச் சந்தையில் அதற்கு வழியும் இருக்கிறது. நிலவுரிமையாளரின் அனுமதியோடு தோண்டிய பாட்டிலுக்கு ஊர், தெரு, குழியின் தன்மை, தோண்டிய ஆண்டு, உடன் கிடைத்த பொருள்கள் ஆகியவற்றை இரண்டு வரியில் பட்டியலில் சேர்ப்பது கடினமான வேலையல்ல. சொன்னால் மற்றவர்களும் அந்த இடத்துக்கு மண்வெட்டியோடு வந்துவிடுவார்கள் என்ற அச்சம், தோண்டிக்கொண்டிருக்கும்போது பொருந்தும். குழியை முழுக்க எடுத்து மூடிய பிறகு, பாட்டில் ஏலத்துக்கு வரும் கட்டத்தில், பெரும்பாலும் பொருந்தாது. முன்னாள் உரிமையாளரின் பெயருக்குக் கூடுதல் பணம் கொடுக்கும் சேகரிப்பாளர்கள் இந்த இரண்டு வரிகளையும் தொலைபேசியில் கேட்கத் தொடங்கினால், விற்பவர்கள் எழுதிக் கொடுக்கத் தொடங்குவார்கள். ஏல நிறுவனங்கள், வாய் விளிம்பின் சில்லைக் குறிப்பதுபோலவே, கண்டெடுத்த இடம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றும் குறிக்க நேரும்.